வீட்டருகே கடை எப்போது மூட வேண்டும்: உள்ளாட்சியின் அதிகாரமும் அதன் எல்லையும்

குடியிருப்புகளை ஒட்டி இயங்கும் ஒரு வணிகம் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கலாம், இரவில் எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்று கட்டளையிட உள்ளாட்சி அமைப்புக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி இரு தரப்பிலிருந்தும் எழுகிறது. மாடியில் உறங்க முயல்பவர், தம் வீட்டுக்குக் கீழே நள்ளிரவு கடந்தும் நடக்கும் வணிகத்தை நகராட்சி ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறார். கீழே வணிகம் நடத்துபவரோ, உரிமம் பெற்று வரியும் செலுத்தி நடத்தும் தொழிலுக்கு நேரம் குறிக்க நகராட்சிக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகளே. பெரும்பாலான நாடுகளில் உள்ளாட்சிக்கு ஏதோ ஒரு வடிவில் இந்த அதிகாரம் இருக்கிறது. ஆனால் அது வணிகத்தின் மீதான பொதுவான ஆதிக்கம் அன்று. குறிப்பிட்ட நேரத்தில் ஒரு வணிகம் அண்டை வீட்டாருக்கு ஏற்படுத்தும் தீங்கின் மீது மட்டும் செல்லுபடியாகும் அதிகாரம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், சட்டத்தின் மற்ற நுணுக்கங்கள் பெரும்பாலும் தாமாகவே விளங்கும்.

முதலில் தீங்கு என்பது என்ன என்று அருகில் சென்று பார்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் உணவகமும் அதன் மேல் படுக்கையறையும் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். இரவு 11 மணிக்கு உணவகம் மூடப்படுகிறது என்று பலகையில் எழுதியிருக்கிறது. 11 மணிக்குக் கடைசி வாடிக்கையாளர்கள் வெளியே வந்து, பிரிய மனமில்லாமல் வாசலில் நின்று பேசுகிறார்கள், வண்டிகள் கிளம்புகின்றன. 11.30 மணிக்கு நாற்காலிகள் தரையில் இழுக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன, காலி பாட்டில்கள் மொத்தமாகக் குப்பைத் தொட்டியில் கொட்டப்படுகின்றன. சமையலறையைக் கழுவி முடிக்கும் வரை எக்ஸாஸ்ட் ஃபேன் சுவரை அதிரவைத்துக்கொண்டே இருக்கிறது. நள்ளிரவில் ஷட்டர் இறங்குகிறது. குளிர்பதன இயந்திரத்தின் கம்ப்ரெசர் இரவு முழுவதும் நின்று நின்று ஓடுகிறது. விடியற்காலை 4.30 மணிக்குச் சரக்கு லாரி பின்னோக்கி வரும்போது அதன் எச்சரிக்கை ஒலி தெருவையே எழுப்பிவிடுகிறது. இத்தனை ஒலிகளில் ‘மூடும் நேரம்’ என்ற கட்டளை நேரடியாகத் தொடுவது வாடிக்கையாளர்களின் பேச்சை மட்டுமே.

ஆகவே நேரக் கட்டுப்பாடு என்றால் குறைந்தது மூன்று நேரங்களைத் தனித்தனியாக நினைக்க வேண்டும்: வாடிக்கையாளர் உள்ளே இருக்கலாம் என்ற நேரம், பணியாளர்களும் இயந்திரங்களும் இயங்கலாம் என்ற நேரம், சரக்கும் கழிவும் ஏற்றி இறக்கப்படலாம் என்ற நேரம். அனுபவமுள்ள அதிகாரிகள் எழுதும் உத்தரவுகளில் இம்மூன்றும் பிரித்தே குறிப்பிடப்பட்டிருக்கும். ‘இரவு 11 மணிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது’ என்று மட்டும் எழுதப்பட்ட உத்தரவு, விடியற்காலை லாரியைத் தடுக்காது. பூட்டிய கதவுக்குப் பின்னால் நடக்கும் சுத்தம் செய்யும் வேலையையும் தடுக்காது. பல ஆண்டுக்காலத் தகராறுகள் இந்த ஒரு வாக்கியத்தின் குறையால் நீள்கின்றன. தூக்கம் கெடும் அளவு எது என்பதற்கும் ஓரளவு அறிவியல் அடிப்படை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட இரவு நேர இரைச்சல் வழிகாட்டுதலில், வீட்டுக்கு வெளியே அளக்கப்படும் இரவு இரைச்சலின் ஆண்டுச் சராசரி 40 டெசிபலைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அடுத்து, அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது. உள்ளாட்சி அமைப்பு தானாகவே அதிகாரம் படைத்தது அன்று. மேலே உள்ள அரசு சட்டத்தின் வழியாகத் தந்ததையே அது பயன்படுத்த முடியும். அமெரிக்காவின் அயோவா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் டில்லன் 1868-இல் இதை மிகக் கண்டிப்பான விதியாகவே வகுத்தார்: வெளிப்படையாகத் தரப்பட்டதும், அதிலிருந்து தவிர்க்க இயலாமல் விளைவதும் தவிர வேறு எந்த அதிகாரமும் நகராட்சிக்கு இல்லை, ஐயம் எழுந்தால் இல்லை என்றே கொள்ள வேண்டும். பிற்காலத்தில் பல அமெரிக்க மாநிலங்கள் நகரங்களுக்குத் தன்னாட்சி உரிமை வழங்கி இந்தக் கண்டிப்பைத் தளர்த்தின. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2001-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம், சில்லறை வணிக நிறுவனங்கள் எந்த நேரத்திலும் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தை உள்ளூர் நகராட்சிக்கு நேரடியாகவே தருகிறது. ஜெர்மனியில் நிலைமை வேறு: அங்கே கடை மூடும் நேரத்தை 1956-இல் கூட்டாட்சிச் சட்டம் நாடு முழுமைக்கும் நிர்ணயித்தது, 2006-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் மாநிலங்களிடம் சென்றது. ஆகவே ஒரு நாட்டில் நகராட்சி செய்யக்கூடியதை இன்னொரு நாட்டில் அது செய்ய முடியாது. மேலே உள்ள அரசு ‘இந்த வகைக் கடை இத்தனை மணி வரை திறந்திருக்கலாம்’ என்று சட்டமாகவே சொல்லிவிட்டால், அதற்கு முரணான உள்ளாட்சி விதி பொதுவாக நிற்காது. எந்த உத்தரவைக் கையில் எடுத்தாலும், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் பிறப்பிக்கப்பட்டது என்று முதலில் பார்ப்பது அதனால்தான்.

இந்த அதிகாரம் நடைமுறையில் வெவ்வேறு வழிகளில் செயல்படுகிறது. ஊர் முழுமைக்கும் அல்லது ஒரு பகுதிக்குப் பொருந்தும் துணைவிதி, அதாவது உள்ளாட்சி மன்றமே இயற்றும் விதி, ஒரு வழி. தொல்லை தரும் இரைச்சலை நிறுத்தச் சொல்லும் அறிவிக்கை இன்னொரு வழி. இது நேரத்தைக் குறிவைப்பதில்லை, தொல்லையைக் குறிவைக்கிறது. இவ்விரண்டையும் விட அன்றாடம் அதிகம் பயன்படுபவை உரிம நிபந்தனையும் கட்டடத் திட்ட அனுமதியின் நிபந்தனையும்தான். இவற்றின் வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பலர் தவறான கதவைத் தட்டிக் காத்திருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

உரிமத்துக்கு இங்கிலாந்தும் வேல்ஸும் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, மதுக்கூடங்களுக்கு நாடு முழுவதும் இருந்த பொதுவான மூடும் நேரம் நீங்கியது. ஒவ்வொரு இடத்துக்கும் ஏற்ற நேரத்தை அதன் உரிமமே குறிக்கும் முறை வந்தது. உரிமம் வழங்கும் உள்ளாட்சி மன்றம் நான்கு நோக்கங்களை மட்டுமே கருதலாம்: குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, பொதுத்தொல்லையைத் தடுத்தல், குழந்தைகளைத் தீங்கிலிருந்து காத்தல். மது விற்காத கடையும் இதில் சிக்கலாம்: இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் சூடான உணவோ பானமோ பொதுமக்களுக்கு விற்க அந்தச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். அதே கடை 11 மணிக்குள் விற்பனையை முடித்துக்கொண்டால் அந்த உரிமம் தேவையில்லை. உரிமத்தின் பெரிய வலிமை, அதை மறுபரிசீலனைக்குக் கொண்டுவரலாம் என்பதே. அண்டை வீட்டார் விண்ணப்பித்தால் மன்றம் விசாரணை நடத்தி, நிபந்தனைகளை மாற்றலாம், குறிப்பிட்ட நடவடிக்கையை விலக்கலாம், மூன்று மாதம் வரை உரிமத்தை நிறுத்திவைக்கலாம், இறுதியாக ரத்தும் செய்யலாம்.

கட்டடத் திட்ட அனுமதி வேறு இயல்புடையது. அது நிலத்தோடு ஒட்டிக்கொள்வது. கடை கைமாறினாலும், புதிய பெயர்ப்பலகை வந்தாலும் நிபந்தனை தொடரும். ஆனால் அனுமதி வழங்கப்படும் வேளையில் நேரத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டால், பின்னாளில் அதைச் சேர்ப்பது மிகக் கடினம். வழங்கிய அனுமதியைக் குறைப்பதற்கு இழப்பீடு தர வேண்டிய நிலையும் வரலாம். அதனால்தான் வீட்டருகே புதிய கடை வரப்போகிறது என்ற அறிவிப்பு ஒட்டப்படும் அந்தச் சில வாரங்கள் குடியிருப்பவர்களுக்கு மிக முக்கியமானவை. இங்கிலாந்தின் திட்டக் கொள்கை, நிபந்தனைகள் தேவையானவையாகவும், துல்லியமாகவும், நடைமுறைப்படுத்தக்கூடியவையாகவும், நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. துல்லியம் என்ற இந்த ஓர் அளவுகோலை மட்டும் ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால், மேலே சொன்ன விடியற்காலை லாரி பல தெருக்களில் வராமலே இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இனி அதிகாரத்தின் எல்லைக்கு வருவோம். இங்கிலாந்தில் 1898-இல் முடிவான க்ரூஸ் எதிர் ஜான்சன் வழக்கு இன்றும் அடிப்படையாக எடுத்துச் சொல்லப்படுகிறது. கென்ட் மாவட்ட மன்றம் ஒரு துணைவிதி இயற்றியிருந்தது: எந்த வீட்டிலிருந்தும் 50 கஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 46 மீட்டருக்குள், பொது இடத்தில் பாடுவதையோ இசைக்கருவி வாசிப்பதையோ நிறுத்துமாறு அந்த வீட்டில் வசிப்பவரோ காவலரோ கேட்ட பிறகும் தொடர்ந்தால் அது குற்றம். திறந்த வெளியில் வழிபாட்டுப் பாடல் பாடியவர் தண்டிக்கப்பட்டு, அந்தத் துணைவிதியே நியாயமற்றது என்று வாதிட்டார். நீதிமன்றம் துணைவிதியை நிலைநிறுத்தியது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இயற்றிய விதியை நீதிபதிகள் தங்கள் விருப்பு வெறுப்பின்படி எளிதில் தள்ளிவிடக் கூடாது என்று தலைமை நீதிபதி ரஸல் பிரபு கூறினார். கூடவே எல்லையையும் வகுத்தார்: விதி ஒரு வகுப்பாருக்கு ஒரு மாதிரியும் மற்றவருக்கு வேறு மாதிரியும் இயங்கினாலோ, வெளிப்படையாக அநீதியானாலோ, தீய எண்ணத்தோடு இயற்றப்பட்டாலோ, எந்த நியாயமும் காட்ட முடியாத அளவுக்கு மக்களின் உரிமையில் குறுக்கிட்டாலோ, அது செல்லாது.

இந்த எல்லை எவ்வளவு முக்கியம் என்பதைச் சான் பிரான்சிஸ்கோ நகரின் சலவைக் கடைகள் காட்டுகின்றன. 1880-களில் அந்நகரம், குறிப்பிட்ட எல்லைக்குள் உள்ள பொதுச் சலவைக் கடைகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் தடை செய்தது. இரவு முழுவதும் எரியும் அடுப்புகளால் மரவீடுகள் நிறைந்த ஊரில் தீவிபத்து நேரலாம் என்பது காரணம். சலவைக் கடைகளில் பெரும்பாலானவை சீனக் குடியேறிகளுடையவை. 1885-இல் சூன் ஹிங் எதிர் க்ரோலி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நேரத் தடையை ஏற்றது: விதி எல்லாச் சலவைக் கடைக்காரருக்கும் ஒன்றே, தீத்தடுப்பு நியாயமான நோக்கம், விதியை இயற்றியவர்களின் மனத்தில் பகைமை இருந்ததா என்று நீதிமன்றம் தோண்டாது. அடுத்த ஆண்டே, 1886-இல், அதே நகரின் அதே தொழிலைப் பற்றிய இன்னொரு வழக்கு, யிக் வோ எதிர் ஹாப்கின்ஸ், வேறு விதமாக முடிந்தது. மரக்கட்டடத்தில் சலவைக் கடை நடத்த நகர மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியின் கீழ், ஏறத்தாழ 200 சீனர்களின் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. சீனரல்லாத ஏறத்தாழ 80 பேர், ஒருவர் நீங்கலாக, தடையின்றித் தொழில் நடத்தினர். எழுத்தில் நடுநிலையாகத் தோன்றினாலும் ஒரு சாராருக்கு எதிராக மட்டும் நடைமுறைப்படுத்தப்படும் விதி சமத்துவ உரிமையை மீறுகிறது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் படித்தால் நகராட்சி எதையும் செய்யலாம் என்று தோன்றும். அந்த நேரத் தடைக்கும் பின்னால் சீனர்கள் மீதான வெறுப்பு இருந்தது என்ற குற்றச்சாட்டை நீதிமன்றம் அவ்வளவு எளிதாக ஒதுக்கியிருக்கக் கூடாது என்றே நான் கருதுகிறேன்.

நோக்கம் என்பது தனியாகவும் ஆராயப்படும். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985-இல் பிக் எம் டிரக் மார்ட் வழக்கில், ஞாயிற்றுக்கிழமை வணிகத்தைத் தடுத்த சட்டத்தை ரத்து செய்தது. அதன் நோக்கம் ஒரு மதத்தின் ஓய்வுநாளை எல்லோர் மீதும் சுமத்துவது என்பதே காரணம். அடுத்த ஆண்டு எட்வர்ட்ஸ் புக்ஸ் வழக்கில், சில்லறை வணிகப் பணியாளர்களுக்குப் பொதுவான ஓய்வுநாள் தரும் நோக்கத்தோடு ஒண்டாரியோ இயற்றியிருந்த சட்டத்தை அதே நீதிமன்றம் ஏற்றது. உள்ளாட்சி விதிகளிலும் இதே கேள்வி எழும். தூக்கத்தைக் காக்கும் நோக்கம் நிற்கும். பழைய கடைக்காரர்களைப் புதிய போட்டியாளரிடமிருந்து காப்பாற்ற இரைச்சலைச் சாக்காகச் சொல்லும் விதி நிற்பது கடினம்.

‘வீட்டருகே’ என்பதை எப்படி அளப்பது? கென்ட் போலச் சிலர் தொலைவை எழுதுகிறார்கள். தொலைவு எளிமையானது, ஆனால் ஒலி நேர்கோட்டில் மட்டும் செல்வதில்லை. சுவர் மறைத்த 20 மீட்டர் தூரத்தைவிட முற்றத்தைத் தாண்டிய 60 மீட்டர் தூரம் அதிக இரைச்சலைத் தரலாம். ஜெர்மனியின் இரைச்சல் விதிமுறை மண்டலத்தை அளவாகக் கொள்கிறது: தொழில் நிறுவனங்களிலிருந்து எழும் இரைச்சலுக்கு, முழுக் குடியிருப்புப் பகுதியில் இரவில் 35 டெசிபல், பொதுக் குடியிருப்புப் பகுதியில் 40, வணிகமும் வீடும் கலந்த பகுதியில் 45 என்று வரம்புகள், இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஒரே இயந்திரம் ஒரு தெருவில் அனுமதிக்கப்பட்டு அடுத்த தெருவில் மறுக்கப்படுவது இதனால்தான். இங்கிலாந்தின் உரிமச் சட்டத்தில் தொடக்கத்தில், கடைக்கு அண்மையில் வசிப்பவர் மட்டுமே எதிர்ப்புத் தெரிவிக்க முடிந்தது. 2012-இல் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. எத்தனை மீட்டருக்குள் இருந்தால் அண்மை என்ற வீண் வாதம் அதோடு முடிந்து, உண்மையில் பாதிப்பு உண்டா என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. இது நல்ல மாற்றம்.

யார் முதலில் வந்தார்கள் என்பதும் பொருட்படுத்த வேண்டியதே. பல ஆண்டுகளாக இரவில் இயங்கும் இசையரங்குக்கு அருகே புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பி, குடிவந்தவர்கள் அரங்கை மூடச் சொன்னால் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இலும், இங்கிலாந்து தன் தேசியத் திட்டக் கொள்கையில் 2018-இலும் ஏற்ற கோட்பாடு, மாற்றத்தைக் கொண்டுவருபவரே அதன் சுமையைத் தாங்க வேண்டும் என்கிறது. அதாவது ஒலி புகாத சன்னல்களையும் சுவர்களையும் அமைக்கும் பொறுப்பு புதிய குடியிருப்பைக் கட்டுபவருடையது. வணிகம் பிறகு வந்தால் பொறுப்பு வணிகத்துடையது.

எவ்வளவு சான்று இருந்தால் நேரத்தைக் குறைக்கலாம் என்பதில் நியூசிலாந்தின் ஆக்லாந்து மாநகர மன்றத்தின் அனுபவம் கவனிக்கத்தக்கது. 2012-ஆம் ஆண்டின் மது விற்பனைச் சட்டம் அங்கே நாடு முழுமைக்கும் உச்சவரம்பு வைத்தது: அருந்துமிடங்கள் அதிகாலை 4 மணி வரை, எடுத்துச்செல்லும் கடைகள் இரவு 11 மணி வரை. தன் ஊருக்கு வேறு நேரம் வேண்டும் என்று மன்றம் உள்ளூர்க் கொள்கை வகுத்துக்கொள்ளலாம். ஆக்லாந்து 2015-இல் எடுத்துச்செல்லும் கடைகளுக்கு இரவு 9 மணி என்று வரைவு செய்தது. பெரும் சூப்பர்மார்க்கெட் நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. உச்ச நீதிமன்றம் 2023-இல் மன்றத்தின் பக்கம் தீர்ப்பளித்தபோது எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. சட்டம் தெளிவாக அதிகாரம் தந்திருந்தும் இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை, விரைவான தீர்வை எதிர்பார்ப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

தனிக்கடை ஒன்றின் விசாரணையில் தேவைப்படும் சான்று இதைவிட எளியது: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ஒலி, எவ்வளவு நேரம் என்று குடியிருப்பவர் எழுதிவைத்த குறிப்பேடு, அதிகாரி நேரில் வந்து கேட்ட பதிவு, இயன்றால் முறையான அளவீடு. ‘எப்போதும் சத்தம்’ என்ற புகாரை எந்த மன்றத்தாலும் நிபந்தனையாக மாற்ற முடியாது. ‘வார நாட்களில் காலை 4.30 மணிக்குச் சரக்கு இறக்கும் ஒலி’ என்றால் மாற்ற முடியும். கடைக்காரருக்கும் முன்னறிவிப்பும் பதில் சொல்லும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். ஃபேனுக்கு அதிர்வுத் தாங்கி பொருத்துவதாலோ சரக்கு நேரத்தை 7 மணிக்குத் தள்ளுவதாலோ தீரும் தொல்லைக்கு, மாலை வணிகத்தின் இரண்டு மணி நேரத்தைப் பறிப்பது மிகையான உத்தரவு. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஒரு சிறு கடையின் அன்றைய லாபம் முழுவதும் இருக்கக்கூடும்.

உத்தரவு வந்த பிறகும் ஒரு கட்டம் மீதியிருக்கிறது. இங்கிலாந்தின் உரிமச் சட்டத்தில், மறுபரிசீலனையின் முடிவை எதிர்த்துக் கடைக்காரர் 21 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்தால், பொதுவாக அது தீரும் வரை புதிய நேரம் நடைமுறைக்கு வராது. பழைய நேரமே தொடரும். வெற்றி பெற்றதாக நினைத்த குடியிருப்பவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனால் அந்த மேல்முறையீடு வழக்கை மீண்டும் முதலிலிருந்து கேட்பதாக அமைவதால், இடைப்பட்ட மாதங்களில் நடந்தவையும் சான்றாகும். அந்த மாதங்களில் குடியிருப்பவர் தொடர்ந்து எழுதிய குறிப்பேடும், கடைக்காரர் ஃபேனைப் பழுதுபார்த்துச் சரக்கு நேரத்தை மாற்றியதற்கான ரசீதும், நீதிபதியின் மேசையில் அருகருகே வைக்கப்படும்.